எச்சில் பாட்டில்

அம்மா ஜன்னலைச் சாத்தினாள். மீன் பொரிக்கிற நேரத்தில் யாராவது ஜன்னலைச் சாத்துவார்களா, அதுவும் இந்த வீட்டில், இரண்டு வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே ஒரு மீன் பொரிந்ததில்லை, ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பின் நடைவழிக் கோடிக்குப் போய், அங்கேயே குந்திப் பொரித்து, அங்கேயே தின்று, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருவாள், எனக்காக, எனக்கு நாற்றம் ஆகாது என்பதற்காக. இன்றைக்கு என்று பார்த்து உள்ளே பற்றவைத்திருக்கிறாள். நான் ரப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து கிடக்கிற இன்றைக்கு. கையில் கழுத்தை அறுத்த தண்ணீர் பாட்டில், அதன் அடியில் நுரையாகக் கொஞ்சம் எச்சில், காலையிலிருந்து துப்பிச் சேர்த்தது அவ்வளவுதான். இன்னும் முந்நூறு கிராம் இறங்க வேண்டும். சாயங்காலம் ஓட்டலில் தராசு வைப்பார்கள், ஊர் பார்க்க அதன் மேல் ஏற வேண்டும், முள் ஒரு மயிரிழை தாண்டினாலும் நாளைக்குக் கூண்டுக்குள் நான் இல்லை. எங்கள் கூண்டுச் சண்டைத் தொழிலில் இது கடைசி வேலை, துப்புவது. ஓடி வியர்த்து, வெந்நீரில் ஊறி, கம்பளிக்குள் வெந்து, இனி உடம்பில் பிழிய ஒன்றுமில்லை என்று ஆன பிறகு வாய் ஒன்றுதான் மிச்சம். புளி உருண்டையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு ஊறுவதைத் துப்ப வேண்டும், ஒரு துளியும் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. எனக்குப் புளியும் தோற்றுவிட்டது. நாக்கு கரையில் ஒதுங்கிய கட்டை மாதிரி கிடக்கிறது. எண்ணெய் காய்கிற வாசனை வருகிறது. நாற்றம் என்று சொல்ல வேண்டும். நாற்றம் வருகிறது.

கதவைத் தட்டாமல் தணிகை உள்ளே வந்தான். தட்டுகிற பழக்கம் அவனுக்கு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. “இன்னா கீரைக்கட்டு, வெந்துட்டியா?” என்று என் கம்பளியைக் காலால் தொட்டான். அடுப்புப் பக்கமிருந்து அம்மா, “வா ராசா, குந்து, கரெக்டா வந்த” என்றாள். ராசா. என்னை லாசரு என்பாள், எலே என்பாள், கோபம் வந்தால் உங்கப்பன் புள்ள என்பாள், ராசா என்ற சொல்லை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள், அதை எடுத்து இவனுக்குப் போட்டுவிட்டாள். கரெக்டாக வந்தான் என்றால் வரச்சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்கு, என் அம்மா, இன்றைக்கு. ஜிம்மில் இந்த எடையில் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் இவனும். நாளைச் சண்டை எனக்கு. இவன் மாற்று ஆள், நான் எடை தவறினால், எனக்குக் காய்ச்சல் வந்தால், என் கால் பிசகினால், அந்த இடம் இவனுக்கு. அதற்காக இவனும் உடம்பை இறக்கி வைத்திருக்கிறான், சாயங்காலம் இவனும் அதே தராசில் ஏற வேண்டும். காலையிலேயே ஜிம்மில், எங்களைப் பழக்குகிற ஹயாத் மாஸ்டர் முன்னால் தராசில் ஏறி இறங்கி, “கரெக்டா நிக்குது மாஸ்டர்” என்று பல்லைக் காட்டினான். மாஸ்டர் அவன் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, “உன் உடம்பு தண்ணிய வுடாது லாசரு, பயறும் கொட்டையும் துன்ற உடம்பு, கஞ்சன் மாதிரி புடிச்சி வெச்சிக்கிது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் என்னை அரித்தது. சிரிக்கக்கூட அவசியம் இல்லாதவன். இப்போது எனக்கு நேரெதிரே, என் முட்டிக்கும் அவன் முட்டிக்கும் நடுவே ஒரு தட்டு வைக்கிற இடம் விட்டு, சம்மணம் போட்டுவிட்டான். அங்கே உட்கார் என்று அம்மாதான் கையைக் காட்டினாள். அடுப்புப் பக்கம் அவ்வளவு இடம் கிடக்கிறது.

நெத்திலி எண்ணெயில் விழுந்தது. முதலில் சீறும், பிறகு இறங்கி முணுமுணுக்கும், முணுமுணுப்பு அடங்கப் போகிற சமயத்தில் எடுத்துவிட வேண்டும், ஒரு மூச்சு பிந்தினால் கசந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பள்ளிக்கூடப் பாடம் படித்தது இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். இப்ப எடு என்று வாய் அசைந்தது. அம்மா எடுத்தாள். அந்த நொடியில் இரண்டு காதுக்கும் கீழே, தாடை முடிகிற இடத்தில், சுருக்கென்று இழுத்தது, ஊசி போட்ட மாதிரி, என்னவோ உடைந்துவிட்டது என்றுகூட நினைத்தேன், நாக்கு நனைந்தது. புளிக்கு அசையாத நாக்கு. துப்பினேன். மறுபடி ஊறிற்று. துப்பினேன். தணிகை பார்க்கிறானா என்று பார்த்தேன், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைச் சண்டைக்கு ஊரெல்லாம் ஒட்டியிருக்கிற சுவரொட்டியில் என் படத்துக்குக் கீழே ‘பச்சை முஷ்டி’ என்று போட்டிருக்கிறார்கள், பட்டாணிச் சத்துப் பொடி விற்கிற கம்பெனிக்காரன் வைத்த பேர், கையில் ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்துப் படம் எடுத்தான். மீனில்லை, கறியில்லை, முட்டையில்லை, பாலில்லை, டீக்கடையில் நான் கேட்கிற கடுங்காப்பிக்குப் பேர் லாசரு காப்பி. கையுறைகூடத் தோலில் இல்லை, ரெக்சினில். அந்தப் பச்சை முஷ்டிக்கு ஒரு பிடி நெத்திலிக்கு வாய் இப்படி ஒழுகுகிறதென்று தெரிந்தால். அம்மா குழம்புச் சட்டியோடு வந்தாள். சங்கரா மீன். தணிகையின் சோற்றில் குழி பறித்து ஊற்றினாள், பிறகு கரண்டியை அடிவரை விட்டுத் துழாவி, “தலைய உனக்குனு வெச்சேன்” என்று எடுத்து வைத்தாள். சிவந்த தலை, வாய் பிளந்து, கண் வெந்து வெள்ளையாகி. அதன் கன்னத்துக்குள் ஒரு சதை இருக்கும், சுண்டுவிரல் நகம் அளவு, அதற்கு மேல் இருக்காது, அதைத் தோண்டி எடுக்க ஒரு வித்தை உண்டு. அப்பா இருந்த காலத்திலும் தலை எனக்குத்தான். கடலுக்குப் போய்வந்த மனுஷன் நடுத்துண்டைத் தின்றுகொண்டு, தலை சின்னவனுக்கு என்பார். அம்மா, உனக்கு மறந்துவிட்டதா? மறக்கவில்லை என்றால் ஏன் என் கண் முன்னால் வைத்துப் போடுகிறாய்? நான் வேண்டாம் என்று சொன்னது மீனைத்தானே. அந்த இடத்தையும் வேண்டாம் என்று சொன்னேனா?

மீனை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, நாற்றம் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். மாஸ்டரிடம், காயம் சீக்கிரம் ஆறுகிறது மாஸ்டர் என்றேன். கம்பெனிக்காரனிடம் உயிர்கள்மேல் இரக்கம் என்றேன், அவன் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டான். மூன்று பேருக்கு மூன்று காரணம், நான்காவதை எனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூர்ச் சண்டையில், அந்த மங்களூர்க்காரன். என் இடது கை வளைந்து போய் அவன் தாடையில் இறங்கியது, அடித்தது எனக்கே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது. அவன் மல்லாக்க விழுந்தான், கண் திறந்தேதான் இருந்தது, வாய் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது, காற்றைக் கடித்துக் கடித்துப் பார்க்கிற மாதிரி. எனக்கு அந்த வாயைத் தெரியும். விடிகாலையில் அம்மாவின் கூடையில் பனிக்கட்டிக்கு மேல் கிடக்கிற வாய். கூட்டம் கத்துகிறது, மாஸ்டர் என்னைத் தூக்குகிறார், நான் அவர் தோளுக்கு மேலாக அந்த வாயையே பார்க்கிறேன், எப்போது நிற்கும், நின்றால் என்ன அர்த்தம். நின்றது. அவன் எழுந்துவிட்டான். மறுநாள் நாங்கள் தங்கியிருந்த ஓட்டலில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இட்லி தின்றான், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவன் எழுந்துவிட்டான், ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் தட்டில் அம்மா போட்டது எழவில்லை. அடிப்பதை விட முடியவில்லை, தின்பதை விட்டேன். முதலில் மீன், பிறகு கறி, பிறகு முட்டை, ஒன்றை விட்டவனுக்கு அடுத்ததை விடாமல் இருக்க ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒருத்தனையும் சாய்த்ததில்லை. எல்லாம் புள்ளிக்கணக்கில் ஜெயித்ததுதான். “கீர துன்னு துன்னு அடி நீத்துப்போச்சு” என்கிறார்கள். கீரை பாவம். ஒரு வாய் திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை தானாக நின்று நிதானிக்கிறது, அதற்குக் கீரை என்ன செய்யும். தணிகைக்கு அந்தத் தொல்லை கிடையாது. சாய்ப்பான், ரெஃபரி கையைத் தூக்கிவிடுவார், இறங்கிப் போய் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் பாயாவை உறிஞ்சிவிட்டு, பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்குவான். அவனுடைய குத்தைப் பார்த்துக்கூட நான் வயிறெரிந்ததில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்து எரிந்திருக்கிறேன், வாயோரம் எச்சில் வழிய, என் சட்டை நனைய, அப்படி ஒரு தூக்கம்.

“இன்னும் ரெண்டு கண்டம் வெக்கிறேன்” என்றாள் அம்மா. “வெய்யும்மா” என்றான். அம்மா என்கிறான். இவன் அம்மா வில்லிவாக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். மறுபடி சோறு, மறுபடி குழம்பு, நெத்திலியை அள்ளிக் கடிக்கிறான், முள் நொறுங்குகிற சத்தம் என் கடைவாய்க்குள் கேட்கிறது. துப்பினேன். மூணாம் தரம் போடுகிறாள். எடை நிறுக்கிற அன்றைக்கு எவன் இப்படித் தின்பான், திமிர்தான், சாயங்காலத்துக்குள் துறைமுகத்து மதில் ஓரமாக ஒரு ஓட்டம் ஓடினால் எல்லாம் கரைந்துவிடும் என்ற திமிர், கரைந்துவிடும், அவன் உடம்பு அப்பேர்ப்பட்ட அடுப்பு, எதைப் போட்டாலும் சாம்பல் இல்லாமல் எரிக்கிற அடுப்பு. என் உடம்பு கஞ்சன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறான், எவ்வளவு ருசி பார். நெற்றியில் வியர்வை, இடுப்புக் கயிற்றைத் தளர்த்திவிட்டுக்கொள்கிறான், எவ்வளவு சொந்தம் பார் இந்த வீட்டில். தாத்தா ஒரு கதை சொல்வார், கரைவலை இழுக்கிறவன் ஒருத்தன் தன் நிழல்மேல் பொறாமைப்பட்ட கதை. நான் வெயிலில் நின்று வலை இழுக்கிறேன், நீ ஈர மணலில் சொகுசாகப் படுத்துக் கிடக்கிறாயா என்று கடலிடம் போய் முறையிட்டான், கடல் இரண்டு பேரையும் இடம் மாற்றிவிட்டது. அவன் படுத்தான், குளுகுளுவென்று இருந்தது. நிழல் எழுந்து வலையை இழுத்து, மீனை விற்று, அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது. அவன் பெண்டாட்டி சோறு போட்டாள். அவன் தரையில் படுத்தபடி, அது வாய் திறக்கும்போதெல்லாம் தானும் வாயைத் திறந்தான். அப்புறம் தாத்தா என்று கேட்டால், அப்புறம் என்ன, பொழுது சாய்ந்தது, நிழல் நீண்டது, வாயும் நீண்டது என்பார். கதை அவ்வளவுதான். துப்பினேன். பாட்டில் கனக்கத் தொடங்கியிருந்தது. துப்பாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, கம்பளிக்குள்ளிருந்து வந்தது, சூடாக, ரொம்பப் பிரியமாக. பாட்டிலைக் கீழே வை. ஒரு சொம்புத் தண்ணீர் குடி. எடை தவறட்டும். நாளைக்கு எந்த வாயும் உன் காலடியில் திறந்து மூடாது, உன் வாயும் எவன் காலடியிலும் திறந்து மூடாது, வீட்டில் படுத்துக்கொண்டு போனில் பார். போனில் யாரைப் பார்ப்பது? இவனை. என் சுவரொட்டிமேல் இவன் முகத்தை ஒட்டுவார்கள், கூண்டோரம் முதல் வரிசை நாற்காலியில் அம்மா உட்கார்வாள், என் வீட்டாருக்கென்று கொடுத்த நாற்காலி, அடி ராசா என்று கத்துவாள். பயம் எழுந்து போ என்கிறது, பொறாமை தோளை அமுக்கி உட்கார வைக்கிறது. இரண்டில் எது எனக்கு வேண்டியது என்று பார்த்தால், வெட்கக்கேடு, பொறாமைதான். துப்பினேன். துப்பிக்கொண்டே இருந்தேன். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினால் காது பார்த்தது, காதைப் பொத்தினால் மூக்கு பார்த்தது, அந்தச் சின்னக் கன்னத்துச் சதையை அவன் எப்போது தோண்டப் போகிறான், அவனுக்குத் தோண்டத் தெரியுமா, கட்டைவிரலைக் கண்ணோரம் வைத்து நெம்ப வேண்டும், தெரியாமல் உடைத்துவிடுவான், வீணாக்கிவிடுவான், என்னிடம் கேட்டால் சொல்லுவேன், கேட்க மாட்டான்.

“போதும்டா, ஏறு” என்றாள் அம்மா. கண்ணைத் திறந்தேன். ஸ்டவ்வை அணைத்துவிட்டு எனக்கு முன்னால் நின்றிருந்தாள், மாஸ்டர் கொடுத்தனுப்பிய தராசைக் காலால் தள்ளிக் கொண்டுவந்திருந்தாள். கம்பளியை உரித்தேன், ரப்பர் சட்டையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது, அம்மா தலைப்பாலேயே என் முதுகைத் துடைத்தாள், தராசில் ஏறினேன், சுவரைப் பிடிக்கக் கூடாது, கால் ஆடியது, முள்ளும் ஆடியது, இரண்டும் நின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கமேதான். அம்மாவுக்கு முள்ளைப் படிக்கத் தெரியும், மீன் கூடையை நிறுத்து விற்கிறவள். கம்பளியோரம் நான் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. “இம்மாம் ஆசைய உள்ள வெச்சிக்கினு” என்றாள், “நாத்தமாம்ல நாத்தம்.” எனக்குக் காது சுட்டது. காலையில் புளியை மென்று மென்று நான் ஓங்கரித்ததை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள், அதற்கப்புறம்தான் சந்தைக்குப் போனாள், அப்படியென்றால் ஜன்னல், அப்படியென்றால் தட்டு வைக்கிற இடம், என் முட்டிக்கும் அவன் முட்டிக்கும் நடுவே. “பொரிச்சி மட்டும் வெச்சா உனுக்கு ஊறாதுடா. ஒருத்தன் துன்றத நீ பாக்கணும், நீ அப்பிடித்தான், சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான்” என்றாள். சொல்லிவிட்டுப் பாட்டிலைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

தணிகை எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “தள்ளு” என்று என்னை நகர்த்திவிட்டுத் தராசில் ஏறினான். முள் கோட்டைத் தாண்டி, அதையும் தாண்டிப் போய் நின்றது. அதை அவன் வேறு யாருடைய எடையையோ பார்க்கிற மாதிரி பார்த்தான். “ஓடி எறக்கிடுவ இல்ல?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, தொண்டையில் ஈரமில்லை. “எத்த எறக்குறது, நடக்கவே முடியல, தொண்ட வரைக்கும் நிக்குது” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மாற்று ஆள் இல்லை இனி. அவன் வாசலுக்கு வந்தபோதே இல்லை, முதல் கவளத்திலேயே இல்லை. அம்மாவுக்கு மாற்று ஆள் என்றால் என்னவென்று தெரியாது, ஜிம்மில் எவன் எந்த எடை என்று தெரியாது, தின்ன ஒருத்தன் வேண்டும், கூப்பிட்டாள். இவனுக்குத் தெரியும். “தெரிஞ்சேதான் துன்னியா? மாஸ்டர் கேட்டா இன்னாடா சொல்லுவ?” என்றேன். தணிகை தராசிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினான். “அம்மா கூப்ட்டாங்க. சோறு போட்ற கைய வேணான்னு சொல்றதுக்கு நான் இன்னா நீயா?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை, பேருந்தில் தூங்குகிற அதே முகத்தோடு சொன்னான். சொல்லிவிட்டு, கதவோரம் நின்று ஒரு ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, “அடிக்கச்சொல்லோ நின்னு நின்னு பாக்காதடா நாளிக்கு, அடிச்சிட்டுப் பாரு” என்று போய்விட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் கை எதற்காக நிற்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன், அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நன்றி என்ற ஒன்று எனக்குள் வர வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே எரிச்சல்தான் கிடந்தது, இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஒரு சண்டையை விட்டுக்கொடுக்க அவனால் முடிகிறது, ஒரு கவளம் போல. என்னால் முடியுமா. இதிலும் அவன் ஜெயித்துவிட்டான், அதுவும் புள்ளிக்கணக்கில் இல்லை, சாய்த்து.

தட்டு அங்கேயே கிடந்தது, சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை, முள்ளெல்லாம் ஓரமாக ஒதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தான். நடுவில் தலை மட்டும் இருந்தது. அவன் தொடவே இல்லை. வாய் பிளந்து, கன்னம் முழுசாக, என்னைப் பார்த்து இருந்தது. குழாயடியில் அம்மா பாட்டிலை உலுக்கிக் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். காதடியில் மறுபடி சுருக்கென்றது, வாய் நிறைந்தது, துப்பக் கையில் ஒன்றுமில்லை. விழுங்கினேன்.